வியாபாரமும் மென்பொருளும் ஒரே சுவரில்: முதல் வார்ட்லி மேப் பட்டறையை நடத்துவது எப்படி?

மென்பொருளை எப்படிக் கட்டுவது என்று பேசும் ஆர்க்கிடெக்சர் மீட்டிங் ஒரு அறையில், பிசினஸ் மீட்டிங் இன்னொரு அறையில். நான் பார்த்த பல கம்பெனிகளில் இப்படித்தான். முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் லாகின், எஸ்எம்எஸ் அனுப்புவது, ரிப்போர்ட் எடுப்பது என்று எல்லாவற்றையும் நாங்களே எட்டு மாதம் உட்கார்ந்து எழுதினோம். எழுதிய புரோகிராம் நல்லதுதான். ஆனால் வாடிக்கையாளர் எதற்காக எங்களிடம் வந்தாரோ, அந்த வேலை அந்த எட்டு மாதத்தில் ஓர் அடிகூட நகரவில்லை. யாரும் சோம்பேறியாக இருந்ததால் வந்த வினை இல்லை இது. எதை நாம் எழுத வேண்டும், எதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து நின்று பார்க்க ஒரு படம் எங்களிடம் இல்லை.

அந்தப் படத்தைத்தான் வார்ட்லி மேப் என்கிறார்கள். சைமன் வார்ட்லி, கேனான் குழுமத்தைச் சேர்ந்த ஃபோடாங்கோ என்ற பிரிட்டிஷ் கம்பெனியை நடத்திக்கொண்டிருந்தபோது 2005ல் இதை வரைந்தார். கம்ப்யூட்டர் சக்தி இனி கரன்ட் மாதிரி மீட்டர் போட்டு விற்கப்படும் என்று அந்தப் படத்தில் தெரிந்தது. 2006ல் அவர்கள் அப்படி விற்கும் ஸிம்கி என்ற சேவையைத் தொடங்கினார்கள். அதே வருடம்தான் இணையம் வழியாகச் சேமிப்பிடத்தை வாடகைக்கு விடும் அமேசானின் எஸ்3, கம்ப்யூட்டரை வாடகைக்கு விடும் இசி2 இரண்டும் வந்தன. ஸிம்கியை 2007ல் மூடிவிட்டார்கள், ஆனால் படம் காட்டிய திசை சரியாகவே இருந்தது. மேப் வரையும் முறையை அவர் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவில் விட்டிருக்கிறார், யாருக்கும் பணம் கட்டாமல் நாம் பயன்படுத்தலாம்.

இதுவரை ஒரு பட்டறைகூட நடத்தாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள், காலை பத்து முதல் இரண்டு வரை என்றால் நல்லது.

படி 1: ஆட்களைச் சேர்ப்பது

ஆறு முதல் பத்துப் பேர். புரோகிராம் எழுதுகிறவர்கள் மூன்று பேர், பணத்தைப் பற்றி முடிவெடுக்கக்கூடிய ஒருவர், வாடிக்கையாளரின் போனைத் தினமும் எடுத்துப் பேசுகிற ஒருவர், அப்புறம் அந்தத் தொழிலைக் கையால் செய்கிற ஒருவர். இந்தக் கடைசி ஆளைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மருந்து விற்கிற கம்பெனி என்றால் மருந்தாளர், சரக்கு அனுப்புகிற கம்பெனி என்றால் குடோனில் நிற்பவர். அவர் இல்லாமல் நடத்துகிற பட்டறையில் சுவர் முழுக்க நம் அனுமானம்தான் இருக்கும். அவருக்கு அன்று லீவு கிடைக்காது என்றால் தேதியை மாற்றுங்கள்.

அழைப்பு மெயிலில் 'ஸ்ட்ராட்டஜி' என்ற சொல்லே வேண்டாம், அதைப் பார்த்தாலே பாதிப் பேர் இது நமக்கானது இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். "நம்மிடம் ஆர்டர் செய்தவருக்கு மருந்து எப்படிப் போய்ச் சேருகிறது என்று சேர்ந்து ஒரு படம் வரையப் போகிறோம், லேப்டாப் வேண்டாம்" என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

படி 2: சாமான்கள்

மூன்று மீட்டர் நீளத்துக்கு பிரவுன் பேப்பர், இரண்டு நிறத்தில் ஸ்டிக்கி நோட், ஆளுக்கொரு தடித்த மார்க்கர், ஒட்ட மாஸ்கிங் டேப். பால்பாயிண்ட் பேனாவை மேஜையில் வைக்காதீர்கள். தடித்த மார்க்கரில் எழுதினால் ஒரு சீட்டில் மூன்று நான்கு சொற்களுக்கு மேல் கொள்ளாது, நாலடி தள்ளி நிற்பவராலும் படிக்க முடியும். ஸ்டிக்கி நோட்டைக் கீழிருந்து மேலாக உரித்தால் சுருண்டுகொண்டு அரை மணி நேரத்தில் சுவரிலிருந்து விழுந்துவிடும், அதனால் பக்கவாட்டில் உரிக்கச் சொல்லிக் கொடுங்கள். ஆன்லைன் பலகையிலும் இதைச் செய்யலாம்தான், ஆனால் முதல்முறை நேரில் செய்யுங்கள்.

படி 3: பதினைந்து நிமிடப் பேச்சு

ஸ்லைடு வேண்டாம், ஒரு கதை சொல்லுங்கள். நான் எப்போதும் கம்ப்யூட்டரின் கதையைச் சொல்வேன். 1941ல் பெர்லினில் கொன்ராட் ஸூசே இசட்3 இயந்திரத்தைச் செய்தார். அது ஆராய்ச்சி, ஓடுமா ஓடாதா என்று யாருக்கும் உறுதியில்லை. 1951ல் லண்டனில் லயன்ஸ் என்ற கம்பெனி லியோ என்ற கம்ப்யூட்டரைச் சொந்தமாகக் கட்டி, தன் பேக்கரிக் கணக்கை அதில் போட்டது. லயன்ஸ் அப்போது ஊரெங்கும் டீக்கடைகள் நடத்திய கம்பெனி, ஆமாம், டீக்கடைதான்! 1954 முதல், தொழிற்சாலையில் வரிசையாகச் செய்த ஐபிஎம் 650 கம்ப்யூட்டரை அதன் வாடிக்கையாளர்கள் தருவித்துக்கொண்டார்கள். 2006ல் இசி2 வந்தபோது, கார்டு இருந்தால் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம் என்றானது.

இந்த நான்கு நிலைகளுக்கு நான் வைத்திருக்கும் பெயர்கள்: ஆராய்ச்சி, தச்சு வேலை, கடைச்சரக்கு, கரன்ட். பிரவுன் பேப்பரின் அடியில் ஒரு கிடைக்கோடு போட்டு, இடமிருந்து வலமாக இந்த நான்கையும் எழுதுங்கள். டீக்கடைக் கம்பெனி 1951ல் சொந்தமாகக் கம்ப்யூட்டர் கட்டியது சரியான முடிவு, வாங்கிக்கொள்ள அப்போது பொருத்தமானது ஒன்றும் இல்லை. இன்று ஒரு டீக்கடை அதைச் செய்யாது. கட்டுவதா வாங்குவதா என்பதற்குப் பொருளை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது, அது எந்த நிலையில் நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும். இது கேட்பவர்களுக்குப் புரிந்துவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

படி 4: மேலே ஆள், கீழே சங்கிலி

பேப்பரின் உச்சியில் வாடிக்கையாளரை எழுதுங்கள். 'பயனர்' என்று பொத்தாம்பொதுவாக வேண்டாம். வீட்டுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு குழுவுக்கு நான் நடத்திய பட்டறையில், போன் எடுக்கும் பெண் எழுதிய சீட்டு இது: 'வெளியூர்ல இருந்து அம்மாவுக்கு ஆர்டர் போடுற மகள்'. அதற்குக் கீழே அவருடைய தேவை: 'மருந்து தீர்வதற்குள் அடுத்தது வர வேண்டும்'. அந்தச் சீட்டு ஒட்டிய பிறகு அறையில் ஆப்பின் நிறத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அப்புறம் "இது நடக்க என்ன வேண்டும்?" என்று ஒவ்வொரு சீட்டையும் பார்த்துக் கேட்டுக்கொண்டே கீழே இறங்குங்கள். மருந்து வர டெலிவரி வேண்டும், டெலிவரிக்கு முன்னால் சரக்கு இருப்பு, மருந்துச் சீட்டு சரிபார்ப்பு, பணம் வாங்குதல், இவற்றுக்கெல்லாம் அடியில் லாகின், மெசேஜ், சர்வர். இருபது சீட்டு வந்ததும் நிறுத்திவிடலாம். ஒன்றுக்கு எது தேவையோ அதுவரை ஒரு கோடு இழுங்கள், வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிவது மேலே, தெரியாதது கீழே. இதற்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம்.

படி 5: இடமா வலமா

பட்டறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, மீதி நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள். ஒவ்வொரு சீட்டையும் அதே உயரத்தில் வைத்து, நான்கு நிலைகளில் அது எங்கே நிற்கிறதோ அங்கே நகர்த்த வேண்டும். குழம்பினால் கேட்க மூன்று கேள்விகள் உண்டு. இது நின்றுபோனால் ஜனங்கள் ஆச்சரியப்படுவார்களா? (கரன்ட் போனால் கோபம் வருகிறது, ஆராய்ச்சி தோற்றால் யாருக்கும் வருவதில்லை.) இதை விற்பவர்கள் விலைப்பட்டியலை இணையத்தில் போட்டிருக்கிறார்களா? இந்த வேலை தெரிந்த ஆள் வேண்டுமென்று விளம்பரம் கொடுத்தால் பத்துப் பேர் வருவார்களா?

சில சீட்டுகள் சண்டையே இல்லாமல் போய் உட்காரும். அந்தக் குழுவினர் வாடிக்கையாளர் பணம் போட்டு வைத்துச் செலவழிக்கும் வாலட் ஒன்றைச் சொந்தமாக எழுதத் திட்டம் வைத்திருந்தார்கள். யுபிஐ 2016ல் வந்து, இன்று பூக்காரர் கூடையில்கூட கியூஆர் அட்டை இருக்கிறது, 'பணம் வாங்குதல்' சீட்டை வலது ஓரத்தில் ஒட்டியதும் அந்தத் திட்டத்தை யாரும் அதற்கப்புறம் எடுக்கவில்லை.

'மருந்துச் சீட்டு சரிபார்ப்பு' அப்படிப் போகவில்லை. டெவலப்பர் ஒருவர் அதைக் கடைச்சரக்கில் ஒட்டினார். "படத்துல இருக்குற எழுத்தைப் படிக்க ஏபிஐ இருக்கு, வாங்கிக்கலாம்" என்றார். (ஏபிஐ என்றால் வேறொருவரின் சேவையை நம் மென்பொருளிலிருந்து கூப்பிட்டுப் பயன்படுத்தும் வழி.) பின்னால் நின்றிருந்த மருந்தாளர் அம்மா அதுவரை ஒரு சீட்டுகூட எழுதவில்லை. அவர் முன்னால் வந்து, "எழுத்தைப் படிக்கிறது ஒரு நிமிஷம்தான் தம்பி. இந்த டோஸ் இந்த வயசுக்குச் சரியா, போன மாசம் வாங்கினதோட இது ஒத்துப்போகுமா, இந்த பிராண்டு இல்லேன்னா டாக்டருக்குப் போன் போடணுமா, அதுதானே வேலை" என்றார்.

அந்தத் தம்பி ஒன்றும் பேசாமல் சீட்டைக் கழற்றி, புதிதாக நான்கு சீட்டு எழுதினார். எழுத்தைப் படிப்பது கடைச்சரக்கிலேயே நின்றது. அட்டவணை எச்1 என்ற, கூடுதல் கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் விற்பனையைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது இந்திய விதி, எல்லா மருந்துக் கடைக்கும் பொதுவான வேலை, அதுவும் கடைச்சரக்கு. ஆனால் பழைய மருந்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும், டாக்டரிடம் கேட்டு முடிவெடுப்பதும் தச்சு வேலைக்குப் போயின. எது எதனோடு சேராது என்ற தரவை விலைக்கு வாங்கலாம், ஆர்டர் போட்ட மகளின் அம்மாவுக்கு இன்று இதைக் கொடுக்கலாமா என்ற தீர்மானத்தை எங்கும் வாங்க முடியாது. அந்த மகள் இந்தக் கடையை நம்புவதற்கான காரணமே அதுதான், அதை எழுத அந்த டீமில் அதுவரை ஒரு டெவலப்பர்கூட ஒதுக்கப்படவில்லை.

ஒரு சீட்டுக்காக இரண்டு பேர் ஐந்து நிமிடத்துக்கு மேல் வாதிட்டால் அந்தச் சீட்டில் இரண்டு விஷயம் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். பிரித்து எழுதச் சொல்லுங்கள். டெலிவரியிலும் இதேதான் நடந்தது. மாத்திரையை எந்த டெலிவரி கம்பெனியும் கொண்டுபோகும், பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். 'டெலிவரி' ஒரு சீட்டு, 'குளிர்ந்தபடி டெலிவரி' இன்னொரு சீட்டு.

நடத்துபவர் இந்த நேரத்தில் தன் கருத்தைச் சொல்லக் கூடாது. உங்களுக்குப் பதில் தெரிந்திருந்தாலும் கேள்வி மட்டும் கேளுங்கள், நீங்கள் நகர்த்திய சீட்டை மறுநாள் யாரும் தன்னுடையதாக நினைக்க மாட்டார்கள்.

படி 6: எது நகரும், எது தடுக்கும்

எல்லாமே காலப்போக்கில் வலப்பக்கம் போகும். அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் நகரும் என்று தோன்றுகிற சீட்டுகளிலிருந்து சிவப்பு அம்பு போடுங்கள். நகர வேண்டியது, ஆனால் உள்ளுக்குள் ஏதோ பிடித்து வைத்திருக்கிறது என்றால் அம்புக்குக் குறுக்கே தடித்த கோடு. அது பழைய ஒப்பந்தமாக இருக்கலாம், மூன்று வருடம் ஒருவர் ராப்பகலாக எழுதிய மாட்யூலாகவும் (மென்பொருளின் ஒரு பகுதி) இருக்கலாம். எழுதியவர் அதே அறையில்தான் நின்றுகொண்டிருப்பார். அவர் எழுதியபோது அது தச்சு வேலையாகத்தான் இருந்தது, அன்று அது தேவைப்பட்டது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு அப்புறம் கோட்டைப் போடுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் அவரை இழந்துவிடுவீர்கள், சொன்னால் பெரும்பாலும் அவரே சீட்டை நகர்த்துவார்.

படி 7: முடிவுகள்

கடைசி ஐம்பது நிமிடம். வலது ஓரத்தில் இருப்பதை வாடகைக்கு எடுங்கள். கடைச்சரக்கை வாங்குங்கள், வாங்கியதை நம் இஷ்டத்துக்கு வளைக்கக் கிளம்பினால் அது மறுபடி தச்சு வேலையாகிவிடும், அதனால் முடிந்தவரை நம் நடைமுறையை அதற்கேற்ப மாற்றிக்கொள்வது மேல். மேலேயும் இடப்பக்கமும் நிற்கிற இரண்டு மூன்று சீட்டுகளுக்கு உங்கள் நல்ல டெவலப்பர்களைக் கொடுங்கள், அவற்றைத் தனித் தனி மாட்யூலாக வையுங்கள், அவற்றுக்கு அருகில் தொழில் தெரிந்தவரை உட்கார வையுங்கள். ஒரு நிறுவனத்தின் ஆட்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ அந்த வடிவத்தில்தான் அவர்கள் கட்டும் சிஸ்டமும் அமையும் என்று 1968லேயே மெல்வின் கான்வே எழுதிவிட்டார். மருந்தாளர் மூன்றாவது மாடியிலும் டெவலப்பர் வேறு ஊரிலும் இருந்தால் அந்தச் சரிபார்ப்பு மாட்யூல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்று முடிவுக்கு மேல் எடுக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு தேதி.

படி 8: அன்று மாலையே செய்ய வேண்டியது

சுவரை நேராக நின்று போட்டோ எடுங்கள், பிறகு பகுதி பகுதியாக, எழுத்து தெரியும்படி. ஆன்லைன் வார்ட்லி மேப்ஸ் என்ற இலவசக் கருவியில் மேப்பை வெறும் எழுத்தாக எழுதினால் படமாக வரைந்து கொடுக்கும், அந்த எழுத்தை, உங்கள் புரோகிராமைச் சேர்த்து வைக்கும் ரெப்போவிலேயே போட்டு வையுங்கள். மூன்று முடிவுகளையும் முடிவுக்கு ஒரு பக்கமாக எழுதுங்கள்: அன்றைய நிலைமை, எடுத்த முடிவு, அதனால் வரும் நல்லதும் கெட்டதும். ஏடிஆர் (ஆர்க்கிடெக்சர் முடிவுக் குறிப்பு) என்ற பெயரில் மைக்கேல் நைகார்ட் 2011ல் பரப்பிய வடிவம் இது, சின்ன டீமுக்கு இதைவிட எளிதான ஒன்றை நான் பார்த்ததில்லை.

பிரவுன் பேப்பரைச் சுருட்டி வையுங்கள், தூக்கிப் போட வேண்டாம். மூன்று மாதம் கழித்து அதே ஆட்களை ஒரு மணி நேரம் கூப்பிட்டு, பேப்பரை மறுபடி ஒட்டி, எந்தச் சீட்டு நகர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். அந்த முறை மருந்தாளர் அம்மாவிடம் மார்க்கரை முதலில் கொடுங்கள்.