பேர் போடாத போஸ்டர்: கூட்டா சேர்ந்து ஸ்க்ரீன் பிரிண்ட் அடிக்கறது எப்படி

அரசாங்கம், முதலாளின்னு யாரும் மேல நின்னு அதிகாரம் பண்ணக் கூடாதுங்கறவங்கதான் அனார்கிஸ்ட். அனார்கிஸ்ட் ஆர்ட்னா கறுப்புக் கொடி, கிழிஞ்ச எழுத்து, மண்டை ஓடுன்னு ஒரு ஸ்டைல் மாதிரி நிறைய பேர் நினைச்சுக்கறாங்க. அந்த லுக் இப்ப டீஷர்ட்ல கூட வருது. ஆனா அந்த ஆளுங்க விட்டுட்டுப் போனதுல எனக்குப் பெருசாப் படறது அவங்க வேலை செஞ்ச முறைதான், முதலாளி கிடையாது, ஸ்டார் ஆர்ட்டிஸ்ட் கிடையாது, யார் வரைஞ்சாங்கன்னு பேர் கிடையாது, விலையும் கிடையாது இல்லனா பேருக்கு ஒரு விலை. அந்த முறையில ஒரு வால் போஸ்டர ஸ்க்ரீன் பிரிண்ட்ல, அதாவது சட்டத்துல இழுத்துக் கட்டின மெஷ் துணி வழியா இங்க இறக்கி, அடிக்கறத பத்திதான் இது. அஞ்சாறு பேர், ஒரு மரச்சட்டம், மெஷ் துணி, இங்க், ஒரு ராத்திரி இருந்தா போதும்.

இதுக்கு நான் எப்பவும் காட்டற உதாரணம் 1968 மே மாசம் பாரிஸ். நாடே ஸ்ட்ரைக்ல இருக்கு, எக்கோல் தே போஸார் ஓவியக் கல்லூரிய மாணவர்களும் ஓவியர்களும் கையில எடுத்துக்கிட்டு அத்தலியே போப்புலேர், அதாவது மக்கள் பட்டறைன்னு பேர் வச்சு போஸ்டர் அடிக்க ஆரம்பிச்சாங்க. அங்க இருந்த எல்லாரும் அனார்கிஸ்ட் இல்ல, மாவோயிஸ்ட், எந்தக் கட்சியும் இல்லாதவங்கன்னு கலந்துதான் இருந்தாங்க, ஆனா வேலை நடந்த விதம் அப்படித்தான் இருந்துச்சு. முதல் போஸ்டர் லித்தோவுல, அதாவது கல்லுல வரைஞ்சு அச்செடுக்கற முறையில அடிச்சது, முப்பது பிரதிதான் வந்துச்சு, அந்த வேகம் தெருவுக்குப் பத்தாது. அப்புறம் சில்க் ஸ்க்ரீனுக்கு, அதாவது நாம பண்ணப் போற இதே முறைக்கு மாறினாங்க, ராத்திரி பூரா அடிச்சு காலையில சுவர்ல ஏத்திடற அளவுக்கு வேகம் வந்துச்சு. ஜூன் 27ஆம் தேதி போலீஸ் உள்ள வந்து காலி பண்ற வரைக்கும் ஓடுச்சு.

சரி, வேலைக்கு வருவோம். முதல் வேலை வரையறது இல்ல, உக்காந்து பேசறது. என்ன பிரச்சனை, யார் படிக்கணும், படிச்சுட்டு என்ன பண்ணணும்னு பேசி முடிச்சதுக்கு அப்புறம்தான் பென்சில எடுக்கணும். ஆளுக்கு ஒரு ஸ்கெட்ச், பேர் எழுதாம, எல்லாத்தையும் ஒரே சுவர்ல குத்தி வைங்க. பாரிஸ்ல தினமும் கூட்டம் போட்டு ஒவ்வொரு டிசைனுக்கும் ரெண்டே கேள்விதான் கேட்டாங்க: அரசியல் கருத்து சரியா? இந்தப் போஸ்டர் அந்தக் கருத்தச் சரியாச் சொல்லுதா? நீங்களும் அந்த ரெண்டோட நிறுத்திக்கோங்க, “அழகா இருக்கா”ன்னு மூணாவதா ஒரு கேள்விய சேர்த்தீங்கன்னா நல்லா வரையத் தெரிஞ்ச ஒருத்தர் கையில மொத்தக் கூட்டமும் போயிரும். ஸ்கெட்ச் பேசப்படும்போது அத வரைஞ்சவர் வாயத் திறக்கக் கூடாதுன்னு ஒரு விதி வச்சுக்கறது நல்லது, தெருவுல போஸ்டர் பக்கத்துல நின்னு விளக்கம் சொல்ல யாரும் இருக்கப் போறதில்ல.

வாசகம் நாலு அஞ்சு வார்த்தைக்கு மேல போக வேண்டாம். நடந்துக்கிட்டே படிக்கறவங்களுக்குத்தான் இது. அப்ப பிரான்ஸ் அதிபரா இருந்த ஜெனரல் டி கால் மாணவர் கலகத்த அசிங்கமான ஒரு வார்த்தையில திட்டினப்போ அந்த வார்த்தையவே எடுத்து அவரோட நிழல் உருவத்துக்குக் கீழ “அது அவர்தான்”னு போட்டாங்க, ஒரே கலர், ஒரே உருவம், பார்த்த நொடியில புரியும். எதிராளி சொன்ன வார்த்தைய அப்படியே திருப்பிக் குடுக்கறதவிட சுருக்கமான வாசகம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

ஃப்ரேமுக்கு வளையாத மரச்சட்டம் வேணும், உள் அளவு உங்க படத்தவிட நாலு பக்கமும் ஒரு பத்து சென்டிமீட்டர் பெருசா இருக்கட்டும், இங்க் நிக்க இடம் வேணும்ல. பேப்பருக்கு பாலியெஸ்டர் மெஷ்ல சென்டிமீட்டருக்கு 77 இழை பக்கம் சொல்லுவாங்க, வெறும் பெரிய எழுத்துன்னா 55, 60 போதும், அதுவும் கிடைக்கலைன்னா மெல்லிசான பாலியெஸ்டர் கர்ட்டன் துணியே வேலை செய்யும். ஒரு பக்கத்து நடுவுல ஸ்டேப்பிள் அடிச்சு, எதிர்ப்பக்கம் நடுவுல இழுத்து அடிச்சு, அப்படியே மூலை வரைக்கும் மாத்தி மாத்திப் போங்க, விரலால தட்டினா விண்ணுன்னு நிக்கணும். தொய்வு இருந்தா எழுத்தோட ஓரம் மங்கும், அதுக்கு அப்புறம் வேற எதுல சரி பண்ணியும் பிரயோஜனம் இல்ல.

ஸ்டென்சில்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ஒரு மெல்லிசான பேப்பர்ல எழுத்தையும் உருவத்தையும் வெட்டி எடுத்துடுங்க, வெட்டின ஓட்டை வழியாத்தான் இங்க் இறங்கும். ஸ்ப்ரே பெயின்ட் ஸ்டென்சில் பண்ணினவங்களுக்கு ஒரு தொல்லை தெரியும், எழுத்துக்கு நடுவுல இருக்கற சுழி தனியா விழுந்துரும், அதத் தாங்க நடுவுல பாலம் விடணும். லண்டன்ல க்ராஸ்ங்கற அனார்கோ பங்க் குழு 1977க்கு அப்புறம் பாதாள ரயில் சுவர்ல எல்லாம் ஸ்ப்ரே பண்ணினதுல அந்தப் பாலம் போட்ட எழுத்தே அவங்க அடையாளம் ஆயிருச்சு. நம்ம எழுத்துல ஐ, ண, ழ, று எல்லாத்துலயும் சுழி, ஒவ்வொண்ணுக்கும் பாலம் விட்டா படிக்கவே முடியாது. ஸ்க்ரீன்ல அந்தப் பிரச்சனையே இல்ல. அடிக்கற பேப்பர் மேல ஸ்டென்சில வச்சு, சுழிக்குள்ள இருக்கற துண்டு எல்லாத்தையும் அதது இடத்துல தனித்தனியா வச்சு, மேல ஸ்க்ரீன இறக்கி ஒரு தடவ இங்க் இழுத்தா போதும், ஸ்டென்சில், துண்டு எல்லாம் மெஷ்ல ஒட்டிக்கும், அதுக்கு அப்புறம் கடைசிப் பிரதி வரைக்கும் விழாது. பேப்பர் ஊறிப் போறதுக்குள்ள முப்பது நாப்பது பிரதி எடுக்கலாம், அதுக்கு மேல வேணும்னா எமல்ஷன், அதாவது வெளிச்சம் பட்டா இறுகற பூச்சு, தடவி வெளிச்சத்துல காட்டற முறைக்குப் போங்க. ஸ்டென்சில் மூடாத ஓரத்த எல்லாம் பிரவுன் டேப் போட்டு அடைச்சிருங்க.

இங்குக்கு அக்ரிலிக் பெயின்ட்டும் ஸ்க்ரீன் பிரிண்டிங் மீடியமும் பாதிக்குப் பாதி. ஸ்பூன்ல எடுத்தா மெதுவா வழியணும், சொட்டுச் சொட்டா விழுந்தா ஸ்டென்சிலுக்கு அடியில ஓடிரும். ஒரு கலர் போதும். ஃப்ரேமோட ஒரு பக்கத்த கீல் போட்டு மேசையில மாட்டுங்க, மூலையில அட்டத் துண்டு வச்சு மெஷ்ஷுக்கும் பேப்பருக்கும் ரெண்டு மூணு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்க. ஸ்க்வீஜிய, அதாவது இங்க் இழுக்கற ரப்பர் பட்டை வச்ச கட்டைய, கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சு ரெண்டு கையாலயும் ஒரே அழுத்தத்துல ஒரே மூச்சுல இழுக்கணும், நடுவுல நிறுத்தினா அந்த இடத்துல கோடு விழும்.

ஒருத்தர் இழுக்க, ஒருத்தர் பேப்பர் வைக்க, ஒருத்தர் எடுத்துக் கயித்துல கிளிப் மாட்ட, பத்து இருபது பிரதிக்கு ஒரு தடவ எல்லாரும் இடம் மாறுங்க. இது சும்மா சம்பிரதாயம் இல்ல, ஒரே ஆள் ராத்திரி பூரா இழுத்தா காலையில அவர் “பிரின்டர்” ஆயிருவார், காயப்போட்டவங்க “ஹெல்பர்” ஆயிருவாங்க. எல்லாருக்கும் எல்லா வேலையும் தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தர் வரலைன்னாலும் பட்டறை நிக்காது.

கையெழுத்து வேண்டாம். அத்தலியே போப்புலேர்ல பட்டறையோட முத்திரை மட்டும்தான் குத்தினாங்க. உங்க குழுவும் ஒரு சின்ன முத்திரை வச்சுக்கலாம், ஆனா தனி ஆள் பேர் ஏறிட்டா அடுத்த கூட்டத்துல பேச்சு போஸ்டர விட்டு ஆளப் பத்தி திரும்பிரும்.

விலையப் பத்தியும் முன்னாடியே பேசி முடிச்சிருங்க. நியூயார்க்ல பென் மொரேயாவும் ரான் ஹானும் 1966 நவம்பர்ல ஆரம்பிச்ச பிளாக் மாஸ்க்ங்கற அனார்கிஸ்ட் பத்திரிகை அஞ்சு சென்ட். சான் பிரான்சிஸ்கோவுல டிக்கர்ஸ் குழு அதையும் வாங்கல, சாப்பாடும் இலவசம், துண்டுப் பிரசுரமும் இலவசம். என் கட்சி டிக்கர்ஸ் பக்கம்தான், இங்க் செலவுக்கு குழுவுக்குள்ளயே உண்டியல் வச்சுக்கோங்க. பேப்பருக்கு அச்சகத்துல மிஞ்சற ரோல் முனையக் கேட்டுப் பாருங்க, பாரிஸ்ல பத்திரிகை அச்சுத் தொழிலாளிங்க குடுத்த நியூஸ்பிரின்ட்லதான் நிறைய போஸ்டர் வந்துச்சு.

ஒட்டறதுக்கு மைதா பசை, ஒரு பங்கு மாவுக்கு நாலு பங்கு தண்ணி, கட்டி இல்லாம கலக்கி காய்ச்சணும். சுவர்ல ஒரு கோட், போஸ்டர் மேல ஒரு கோட். யார் சுவர்னு பார்த்து ஒட்டுங்க. அனுமதி இல்லாம ஒட்டினா நிறைய ஊர்கள்ல அபராதம் இருக்கு, அந்த ரிஸ்க் எடுக்கலாமா வேண்டாமான்னு கூட்டத்துல எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணணும், துணிச்சலான ஒருத்தர் மத்தவங்களுக்கும் சேர்த்து முடிவு பண்ணக் கூடாது. சின்னக் கடைக்காரர் சுவர்னா கண்டிப்பா கேட்டுட்டு ஒட்டுங்க, நாளைக்கு அதச் சுரண்டப் போறது அவரோ அவர்கிட்ட வேலை பார்க்கற பையனோதான், அவங்களுக்காகத்தானே போஸ்டரே அடிக்கறோம். ஆதரவா இருக்கற கடை, சங்க ஆபீஸ், நூலகம், நண்பர் வீட்டு ஜன்னல்னு கேட்டு வாங்கினாலே நாப்பது பிரதி காலியாயிரும்.

கடைசிப் பிரதி எடுத்த உடனே ஸ்டென்சில உரிச்சுப் போட்டுட்டு ஸ்க்ரீன பச்சத் தண்ணியில கழுவிருங்க, களைப்பா இருக்குன்னு காலைக்குத் தள்ளினா அக்ரிலிக் மெஷ்லயே காஞ்சு அந்த ஃப்ரேம் வீணாயிரும். கழுவற வேலையும் முறை வச்சு மாறணும், எல்லாக் குழுவுலயும் இது மட்டும் எப்படியோ ஒரே ஆள் தலையில வந்து விழுது.