சின்ன வயதில் மாரடைப்பு வந்த குடும்பமா? யார் யாருக்கு ரத்தம் பார்க்க வேண்டும்

அப்பாவுக்கு 50 வயதில் மாரடைப்பு, அண்ணனுக்கு 42-ல் ஸ்டென்ட். இப்படிப்பட்ட வீட்டில் "நான் ஒல்லியாத்தானே இருக்கேன்" என்று யாரும் சும்மா இருந்துவிடக் கூடாது. எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பைக் கல்லீரல் ரத்தத்திலிருந்து சரியாக இழுத்துக்கொள்ளாத பரம்பரைக் குறை, சுமார் 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு உண்டு. உடல்வாகுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

முதல் வேலை, ஒரு தாளில் வம்சத்தை வரைவது. தாத்தா பாட்டியில் தொடங்கி, அப்பா வழி, அம்மா வழி இரண்டையும் போடுங்கள். மாரடைப்பு, பைபாஸ், திடீர்ச் சாவு எந்த வயதில் என்று ஒவ்வொருவர் பக்கத்திலும் எழுதுங்கள். ஆணுக்கு 55, பெண்ணுக்கு 60 வயதுக்கு முன் வந்திருந்தால் வட்டமிடுங்கள். "தூக்கத்துலயே போயிட்டாரு" என்று சொல்லும் சாவுகளையும் விடாதீர்கள்.

அத்தை மகள், தாய்மாமன் என்று சொந்தத்தில் கட்டிய இடங்களுக்கு இரட்டைக் கோடு போடுங்கள். மதுரை, மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் இதுதான் மிக முக்கியம். பெற்றோரில் ஒருவருக்குக் குறை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கு 50 சதவீத வாய்ப்பு. இருவருக்கும் இருந்தால், நான்கில் ஒரு வாய்ப்பாகப் பிள்ளை இரண்டு பக்கத்துக் குறையையும் சேர்த்து வாங்கிவிடும். அந்தக் குழந்தைக்கு எல்டிஎல் 400-ஐத் (ரிப்போர்ட்டில் mg/dL என்று இருக்கும்) தாண்டலாம். முழங்கை, முழங்காலில் மஞ்சள் கட்டிகள் வரும். சிகிச்சை இல்லாவிட்டால் 20 வயதுக்குள்ளேயே மாரடைப்பு வரலாம். சொந்தத்தில் கட்டிவைக்கப் போகிறவர்கள், நிச்சயத்துக்கு முன்பே மாப்பிள்ளை, பெண் இருவருக்கும் ரத்தம் பார்த்துவிடுங்கள்.

எந்த லேபிலும் 'லிப்பிட் ப்ரொஃபைல்' என்னும் கொழுப்புப் பரிசோதனை எடுக்கலாம். 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். காய்ச்சலோ மாரடைப்போ வந்த சமயத்தில் எல்டிஎல் பொய்யாக இறங்கிக் காட்டும். ரத்தத்திலுள்ள இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 400-க்கு மேல் போனால் கணக்குப் போட்டுச் சொல்லும் எல்டிஎல் தப்பாகும். நேரடியாக அளக்கும் எல்டிஎல் டெஸ்ட் கேளுங்கள். எல்டிஎல் பெரியவர்களுக்கு 190, பிள்ளைகளுக்கு 160-ஐத் தாண்டினால் பரம்பரைக் குறையைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு முன் தைராய்டு, சர்க்கரை, சிறுநீரில் புரதம், கல்லீரல் நான்கையும் பார்த்துவிட வேண்டும். அவை கெட்டாலும் கொழுப்பு ஏறும். ஏற்கெனவே கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், தொடங்குவதற்கு முந்தைய பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். பரிசோதனைக்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

எல்டிஎல் போன்ற இன்னொரு கொழுப்பான லைப்போபுரோட்டீன் ஏ-வுக்குத் தனி டெஸ்ட். லிப்பிட் ப்ரொஃபைலில் வராது. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் பெரும்பாலும் போதும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் என்றால் ஆபத்து கூடுதல். அதுவும் பரம்பரையாக வருவதுதான், பத்தியத்தால் குறையாது.

குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரை விரல்களால் பிடித்துப் பாருங்கள். தடித்து முண்டு முண்டாக இருந்தாலோ, 45 வயதுக்குள் கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். இவை இல்லாததால் குறை இல்லை என்று ஆகாது.

ஒருவருக்கு உறுதியானால் அப்பா அம்மா, உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோருக்கும் பார்க்க வேண்டும். அவர்களில் யாருக்கு இருக்கிறதோ, அவரிலிருந்து அடுத்த சுற்று. பிள்ளைகளுக்கு 10 வயதுக்குள் பார்த்துவிடுங்கள். பெற்றோர் இருவருக்கும் இருந்தால் 2 வயதிலேயே. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இதயப் பிரிவுக்குப் போகும்போது வம்சத் தாளையும் எல்லோருடைய ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டு போங்கள்.

குடலும் சால்னாவும் குறைப்பது நல்லதுதான். ஆனால் 220 இருக்கும் எல்டிஎல்லை அது மட்டும் 100 ஆக்காது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை வேண்டும். 6 முதல் 8 வாரத்தில் மறுபடி ரத்தம் பாருங்கள். நம்பர் இறங்கியதும் மாத்திரையை விடுவதுதான் பலரும் செய்யும் தவறு. சில வாரங்களிலேயே பழைய அளவுக்கு ஏறிவிடும். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி, அவர் சொல்லும் நேரத்தில் நிறுத்த வேண்டும்.