தயால் படலத்தில் இருக்கும் இடுக்கில் ஒற்றை மூலக்கூறைச் செருகுவது எப்படி?

குறையே இல்லாத படலம் போடணும்னு மாதக்கணக்கில் மல்லுக்கட்டினேன். கடைசியில் கைகொடுத்தது குறைதான். தங்கத்தின் மேல் தயால் மூலக்கூறுகள் (ஒரு முனையில் கந்தகம் உள்ளவை, அந்த முனையால் தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும்) சுமார் 30 டிகிரி சாய்ந்து, கூட்டம் கூட்டமாக நிற்கும். ஒரு கூட்டமும் இன்னொரு கூட்டமும் சந்திக்கிற எல்லையில் அடுக்கு சரியாகப் பொருந்தாது. அந்த இடுக்குதான் நமக்கு வேண்டியது. 1996-ல் அமெரிக்க வேதியியலாளர் பால் வைஸின் குழு மின்கடத்தும் மூலக்கூறுகளைத் தனித்தனியாக நிறுத்தி அளந்ததும் இப்படிப்பட்ட படலத்தில்தான்.

படி 1: மைக்கா மேல் பூசிய தங்கம், எத்தனாலில் 1 மில்லிமோலார் டோடெகேன்தயால், ஒரு நாள் ஊறல். பிறகு எத்தனாலில் அலசி, நைட்ரஜனில் உலர்த்துங்கள். குப்பி கண்ணாடியாகவே இருக்கட்டும். பிளாஸ்டிக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. படலத்தைச் சூடாக்க வேண்டாம், இடுக்குகள் குறைந்துவிடும்.

படி 2: செருகல். நான் வழுக்கி விழுந்த இடம் இது. படலம் போடுவது போலத்தானே என்று, செருக வேண்டிய மூலக்கூறு கரைந்த கரைசலிலும் இரவு முழுக்க ஊறவிட்டேன். செருகிய மூலக்கூறு ஒவ்வொன்றும் எஸ்டிஎம் (ஊசியால் பரப்பைத் தடவி, அணு அளவில் படமெடுக்கும் நுண்ணோக்கி) படத்தில் ஒரு புள்ளியாகத் தெரிய வேண்டும். காலையில் பார்த்தால் தனித்தனிப் புள்ளிகளுக்குப் பதில் திட்டுத் திட்டாக மேடுகள். புது மூலக்கூறுகள் இடுக்கில் நுழைந்ததோடு நிற்காமல், பக்கத்தில் இருந்த பழையவற்றையும் பெயர்த்துவிட்டு உட்கார்ந்திருந்தன. கரைசலை நூறு மடங்கு நீர்க்கச் செய்தேன், சில நிமிடங்களிலேயே வெளியே எடுத்தேன். புள்ளிகள் பிரிந்து வந்தன. உங்கள் மூலக்கூறுக்கு எத்தனை நிமிடம் என்பதை நீங்களேதான் பிடிக்க வேண்டும்: 2, 10, 30 நிமிடம் என மூன்று தகடு போட்டுப் பாருங்கள்.

படி 3: எஸ்டிஎம்-மில் பார்ப்பது. ஊசிக்குப் பிளாட்டினம்-இரிடியம் கம்பியைக் கத்தரியால் வெட்டினாலே போதும். டங்ஸ்டன் காற்றில் ஆக்சைடு பிடிக்கும். மின்னோட்டம் சில பிக்கோஆம்பியர்தான். கூட்டினால் ஊசி படலத்தையே உழுதுவிடும்.

பின்சேர்க்கை: "படத்தில் தெரியும் கருப்புக் குழிகளில் ஏன் எதுவும் செருகவில்லை?" என்று இருவர் கேட்டிருந்தார்கள். அந்தக் குழிகள் ஒரு தங்க அணு ஆழம், அதாவது 0.24 நானோமீட்டர். அடியிலும் தயால் மூடியிருக்கும், வெறும் தங்கம் இல்லை. இடுக்கு இருப்பது குழியின் விளிம்பில்தான், அங்கே பாருங்கள்.

இன்னொருவருக்கு எங்கும் வெள்ளைப் புள்ளி. செருகாத தகடு ஒன்றையும் அதே நாளில் படமெடுக்கச் சொன்னேன். அதிலும் புள்ளி! அழுக்குத் தங்கம்.