வாளியிலிருந்து ராடார் வரை: ரேடியோ அலையால் டேங்க் மட்டத்தை அளக்கும் முறை

பெங்களூரு பீன்யாவில் எங்கள் பட்டறைக்கு ஓசூர், தருமபுரி, சேலம் பக்கமிருந்து டிப்ளமோ முடித்த பிள்ளைகள் வருவார்கள். முதல் நாளே அவர்களுக்கு டேங்க் மட்டம் அளக்கும் ராடார் கருவியின் மெனுவைத் திறந்து காட்ட மாட்டேன். ஒரு எவர்சில்வர் வாளியையும் கொஞ்சம் ஒயரையும் கையில் கொடுப்பேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

படி 1: வாளிச் சோதனை

வீட்டு வயரிங்குக்கு வாங்கும் பிவிசி ஒயரில் ஒரு மீட்டர் வெட்டி, நடுவில் மடித்து வாளிக்குள் இறக்குங்கள். மடித்த பக்கம் அடியில் இருக்கட்டும். வெட்டிய முனைகள் இரண்டும் வெளியே நிற்கவேண்டும். உள்ளே இருக்கும் செம்புக் கம்பி நனைந்தால் சோதனை கெட்டுவிடும். கெபாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) அளக்கிற மல்டிமீட்டரின் ஒரு கிளிப்பைச் செம்பிலும் இன்னொன்றை வாளி விளிம்பிலும் மாட்டிவிட்டு, சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்ற ஊற்ற எண் ஏறும். மொண்டு எடுத்தால் இறங்கும்.

மின்னூட்டம் தேங்க இரண்டு தகடும் நடுவில் காப்பும் வேண்டும். இங்கே செம்பு ஒரு தகடு, தண்ணீர் இன்னொரு தகடு, நடுவில் பிவிசி உறை. தண்ணீர் ஏறும்போது இரண்டாவது தகடு நீள்கிறது, அவ்வளவுதான். ஸ்கேல் வைத்து உயரத்தையும் எண்ணையும் நோட்டில் குறித்து வரைந்து பாருங்கள், கிட்டத்தட்ட நேர்கோடு வரும். வாளி மேலே அகலமாக இருந்தாலும் கோடு வளையாது. காரணம், நீங்கள் அளப்பது உயரத்தை, லிட்டரை அல்ல. படுக்கைவாட்டில் கிடக்கும் உருளை டேங்கில் இதை மறந்தால் கணக்கு பெரிய அளவில் தப்பும்.

படி 2: ஆலையில் இருக்கும் கம்பி

ஆலையில் ஒயருக்குப் பதில் டெஃப்லான் உறை போட்ட கம்பி. மல்டிமீட்டருக்குப் பதில் ரேடியோ அலைவரிசையில் மின்னலை உண்டாக்கும் ஆஸிலேட்டர். இந்த முறையில் இரண்டு தொல்லை உண்டு. டீசல் மாதிரி மின்சாரம் கடத்தாத திரவத்தில் அளவு அதன் மின்காப்பு மாறிலியை, அதாவது அந்தத் திரவம் நடுவில் இருந்தால் கெபாசிட்டன்ஸ் எத்தனை மடங்காகும் என்ற எண்ணைப் பொறுத்தது. சரக்கு மாறினால் எண்ணும் மாறும். மற்றது பிசுக்கு. கூழ், மொலாசஸ் போன்றவை கம்பியில் ஒட்டிக்கொண்டால், மட்டம் இறங்கிய பிறகும் திரவம் இருப்பதாகவே காட்டும். இதற்காக ஆர்எஃப் அட்மிட்டன்ஸ் (ரேடியோ அலைவரிசையில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்க்கும்) வகையில் கம்பியின் மேற்பகுதியைச் சுற்றி இன்னொரு உலோகக் கவசம் வைத்து, இரண்டுக்கும் ஒரே மின்னழுத்தம் கொடுப்பார்கள். மின்னழுத்தம் சமமாக இருந்தால் ஒட்டிய பிசுக்கு வழியாக மின்சாரம் கசிய முடியாது. எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

படி 3: ராடார்

ராடார் திரவத்தைத் தொடுவதே இல்லை. மேலிருந்து அலையை அனுப்பி, எக்கோ திரும்பும் நேரத்தைப் பார்க்கிறது. அலை நொடிக்கு சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். 2 மீட்டர் கீழே இருக்கும் தண்ணீரில் பட்டுத் திரும்ப ஏறக்குறைய 13 நானோ நொடிதான் ஆகும். இதை நேராக அளப்பது கடினம் என்பதால், பல கருவிகள் அலைவரிசையைச் சீராக ஏற்றிக்கொண்டே அனுப்புகின்றன. நாதஸ்வரக்காரர் கீழ் ஸ்வரத்திலிருந்து மேலே இழுத்துக்கொண்டு போவதை நினைத்துக்கொள்ளுங்கள். எக்கோ வந்து சேரும்போது அவர் இன்னும் மேலே போயிருப்பார். இரண்டு ஸ்வரத்துக்கும் உள்ள இடைவெளி எவ்வளவோ, அதற்கு ஏற்ற தூரம்.

தண்ணீர் நல்ல கண்ணாடி மாதிரி அலையைத் திருப்பிவிடும். டீசல் சுமார் 3 சதவீதத்தைத்தான் திருப்பும். மீதி உள்ளே போய் டேங்கின் அடியில் பட்டு வரும். டீசலுக்குள் அலையின் வேகம் குறைவதால் அந்த எக்கோ அடித்தட்டுக்கும் கீழே இருந்து வருவதுபோலத் தெரியும். திரையில் அதைப் பார்த்துக் கருவி பழுது என்று கழற்றிவிடாதீர்கள்.

படி 4: எங்கே மாட்டுவது

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். ஒரு ஆலையில் 26 கிகாஹெர்ட்ஸ் ராடார் ஒன்று டேங்க் காலியாகும்போதும் மட்டம் 2.3 மீட்டர் என்றே காட்டிக்கொண்டிருந்தது. மேலே ஏறி மேன்ஹோல் வழியாக டார்ச் அடித்தேன். ராடார் மாட்டியிருந்த குட்டைக் குழாயான நாசிலிலிருந்து ஒரு சாண் தள்ளி உள்பக்க ஏணி. அதன் ஒரு படி சரியாக அந்த உயரத்தில்! போல்ட்டைத் தளர்த்தி, ராடார் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியதும் ஏணி எக்கோ பாதியாகக் குறைந்தது. அலையின் துருவத் திசை, அதாவது அது அதிரும் திசை, மாறியதுதான் காரணம்.

ஆகவே சுவர், ஏணி, அஜிடேட்டர் (கலக்கும் விசிறி), திரவம் கொட்டும் குழாய் எல்லாவற்றிலிருந்தும் விலகி மாட்டுங்கள். கும்மட்ட மூடியின் நட்டநடுவும் வேண்டாம், எக்கோ அங்கே குவிந்து பலமுறை வரும். 10 டிகிரி விரியும் கற்றை 5 மீட்டர் ஆழத்தில் சுமார் 87 சென்டிமீட்டர் அகலம். 4 டிகிரி என்றால் 35தான். குறுகலான டேங்குக்குக் கற்றை குறுகிய 80 கிகாஹெர்ட்ஸ் ராடார் வாங்கச் சொல்வது இதனால்தான். டீசல், சால்வென்ட் டேங்க் என்றால் வெடிஅபாயப் பகுதிக்குச் சான்று பெற்ற கருவியும் வேலை அனுமதிச் சீட்டும் இல்லாமல் மூடியைத் தொடவே கூடாது.

படி 5: எண்களைக் கொடுப்பது

ராடாரை போல்ட் போட்டு மாட்டும் வளையமான ஃபிளாஞ்சின் முகத்திலிருந்து டேங்க் அடிவரை நீங்களே டேப்பால் அளங்கள். வரைபடத்தை நம்பாதீர்கள். 4.5 மீட்டர் வந்தது என்று வையுங்கள். ராடார் மட்டத்தை மின்னோட்டமாக அனுப்பும். காலி என்பது 4.5 மீட்டர் தூரம், அதற்கு 4 மில்லி ஆம்ப். நிறைவு என்பது 0.5 மீட்டர் தூரம், அதற்கு 20 மில்லி ஆம்ப். ஆன்டெனாவுக்கு மிக அருகே கருவிக்குக் கண் தெரியாது, அதனால் விளிம்புவரை நிரப்பக் கூடாது. மட்டம் 2.5 மீட்டர் ஆனால்: 2.5 ÷ 4 × 16 + 4 = 14 மில்லி ஆம்ப். அந்த மின்னோட்டம் ஓடும் லூப்பில் மீட்டரைத் தொடராக இணைத்து 14 வருகிறதா பாருங்கள். பிஎல்சி (ஆலையை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) திரையில் வேறு எண் தெரிந்தால் தவறு அங்கேதான், ராடாரில் இல்லை.

படி 6: பொய் எக்கோவை அழிப்பது, சரிபார்ப்பது

ஏணி போன்றவற்றிலிருந்து வரும் பொய் எக்கோவைக் கருவி ஒதுக்கிவிட, டேங்க் காலியாக இருக்கும்போதுதான் அதைப் பதிவு செய்யவேண்டும். திரவம் இருக்கும்போது அவசரப்பட்டு அழுத்தினால், உண்மையான மட்டத்தையே கருவி பொய் என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் மட்டம் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் தடுமாறும்.

கடைசியாக, டிப் டேப்பில் (எடை கட்டிய அளவு நாடாவில்) திரவம் பட்டால் நிறம் மாறும் பசை தடவி இறக்கி, கால், பாதி, முக்கால் என்று மூன்று மட்டங்களில் ஒப்பிடுங்கள். மூன்றிலும் ஒரே அளவு வித்தியாசம் வந்தால், நீங்கள் கொடுத்த 4.5 தவறு. மேலே போகப் போக வித்தியாசம் மாறினால் 4, 20 புள்ளிகளை மீண்டும் பாருங்கள். ஒப்பிட்ட எண்களைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த ஷிஃப்டில் வருபவர் முதலில் அதைத்தான் தேடுவார்.