ஸ்கோர் எழுத ஆள் வேண்டுமாம்: மெல்பர்னுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரில் இருந்தவரை கிரிக்கெட் என்றாலே எனக்குக் கசப்புதான். மேட்ச் நாளில் டிவி நமக்கில்லை. அப்பாவிடம் எதுவும் பேச முடியாது. ஜெயித்தால் தெருவில் பட்டாசு, தோற்றால் வீட்டில் மௌனம். மெல்பர்ன் வந்ததும் இந்தத் தொல்லை விட்டது என்றுதான் நினைத்தேன். இன்று அக்டோபரிலிருந்து மார்ச் வரை சனிக்கிழமை காலைகளில் என்னைத் தேடுகிறவர்கள் மைதானத்து ஓரத்து மடக்கு மேசைக்கு வரவேண்டும்.

கிரிக்கெட் பிடித்தவர்களுக்கு நான் வழி சொல்லத் தேவையில்லை. வந்த வாரமே எங்காவது பேட்டோடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். இது பிடிக்காதவர்களுக்கு.

பையனுக்கு அப்போது பதினொரு வயது. பள்ளியில் பேச்சுத்துணை இல்லாமல் திண்டாடினான். பக்கத்துக் கிளப்பில் 12 வயதுக்குட்பட்டோர் அணியில் சேர்த்துவிட்டோம். மூன்றாவது வாரம் அணி மேலாளர் வந்து, ஸ்கோர் எழுத யாராவது உட்கார முடியுமா என்று கேட்டார். பெற்றோர் எல்லோரும் ஒரே நேரத்தில் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்குச் சட்டென்று மறுக்கிற அளவுக்கு ஆங்கிலம் வரவில்லை. மாட்டிக்கொண்டேன்.

பக்கத்து நாற்காலியில் எதிரணியின் ஸ்கோரர். எழுபதைத் தாண்டிய பெரியவர், பேரனுக்காக வந்தவர். என்னிடம் பேனாதான் இருந்தது. அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு பென்சிலைக் கொடுத்தார். முதல் ஓவரிலேயே நடுவர் ஒரு காலைத் தூக்கி முழங்காலைத் தொட்டுக்கொண்டு நின்றார். பாவம், கால் பிடித்துக்கொண்டது போலிருக்கிறது என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவரும் என்னையே பார்த்தார். "கையைத் தூக்குங்கள், உங்களுக்குத்தான் சொல்கிறார்" என்றார் பெரியவர். லெக் பையாம், அதாவது பேட்டில் படாமல் உடம்பில் பட்டுப் போன பந்தில் ஓடிய ரன். நான் கையைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் நடுவர் காலை இறக்கினார், அடுத்த பந்து போட்டார்கள். ஸ்கோரர் பதில் காட்டாமல் ஆட்டம் நகரக் கூடாது என்பது விதி. வந்து நாலு மாதமாகக் கடையிலும் பஸ்ஸிலும் நான் இருப்பதையே யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. இங்கே ஒரு மைதானமே என் கைக்காகக் காத்து நின்றது. சரி, மாட்டியது மாட்டியாயிற்று என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

சைகைகள் ஒரு காலைப்பொழுதில் படிந்துவிடும். இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தால் வைட் (பேட்டுக்கு எட்டாமல் போன பந்து), ஒரு கையை மட்டும் நீட்டினால் நோபால் (விதிப்படி செல்லாத பந்து), திறந்த கையைத் தலைக்கு மேல் தூக்கினால் பை (எதிலும் படாமல் போன பந்தில் ஓடிய ரன்). ரன் இல்லாத பந்துக்குப் புள்ளி. ஓவரின் ஆறு பந்தும் புள்ளியானால் மெய்டன், அந்த ஆறு புள்ளிகளையும் கோடிழுத்துச் சேர்த்தால் ஆங்கில 'எம்' வந்துவிடும். அதிலேயே ஒரு விக்கெட்டும் விழுந்திருந்தால் 'டபிள்யூ'. கோலம் போட்ட கைக்கு இது புதிதா என்ன?

ஒவ்வொரு ஓவர் முடிந்ததும் இரண்டு ஸ்கோரர்களும் கணக்கைச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். பேச விஷயம் தேட வேண்டியதில்லை, "நாற்பத்தேழா?" "நாற்பத்தேழு" போதும். ஆங்கிலம் பேசப் பயப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வகுப்பு எனக்குத் தெரியாது. ஒரு குழப்பம் மட்டும் வரும். நாம் 120க்கு 3 என்போம். ஆஸ்திரேலியர்கள் விக்கெட்டை முதலில் வைத்து 3க்கு 120 என்பார்கள். பலகையிலும் அப்படித்தான். பை, வைட் போன்ற உதிரி ரன்களுக்கு இங்கே 'சண்ட்ரீஸ்' என்று பெயர்.

நடுவில் பெரியவர் என் ஊரை விசாரித்தார். தமிழ் என்றேன். ஓவர் முடியும்வரை ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "1995 பாக்ஸிங் டே அன்று முரளியை நோபால் சொன்னபோது நான் அங்கே இருந்தேன்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவுக்குப் போன் போட்டேன். எம்சிஜி என்கிற மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் நடுவர் டேரல் ஹேர், இலங்கையின் தமிழ்ப் பந்துவீச்சாளர் முத்தையா முரளிதரன் கையை மடக்கிப் பந்தை எறிகிறார் என்று ஏழு தடவை நோபால் கொடுத்தது, அவர் முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாது என்பது, அப்புறம் அதே முரளி ஐந்து நாள் ஆட்டமான டெஸ்டில் 800 விக்கெட் எடுத்தது என்று நாற்பது நிமிடம் பேசினார் அப்பா. வாடகை, விசா, உடம்பு தவிர வேறு எதையாவது நாங்கள் பேசியது அன்றைக்குத்தான்.

இனி காரியத்துக்கு வருகிறேன். பதிவு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். ப்ளேகிரிக்கெட் தளத்தில் உங்கள் அஞ்சல் எண்ணைப் போட்டால் பக்கத்துக் கிளப்கள் வரும். சின்னப் பிள்ளைகளுக்கு 'கிரிக்கெட் பிளாஸ்ட்' என்று தனியாக இருக்கிறது, அதில் விளையாட்டுதான், போட்டி இல்லை. பெண்களுக்கும் அணிகள் உண்டு. பேட், காலில் கட்டும் பேடு எதையும் முதல் மாதமே வாங்காதீர்கள். பெரும்பாலும் கிளப் பையில் இருக்கும். பயிற்சியாளர், மேலாளர் போன்ற பொறுப்புக்குக் குழந்தைகளோடு வேலை செய்வதற்கான அனுமதிச் சோதனை கேட்பார்கள். விக்டோரியாவில் தன்னார்வலருக்கு அது இலவசம். இப்போது பல கிளப்களில் ஐபேடில்தான் ஸ்கோர். இருந்தாலும் புத்தகமும் இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள். தொப்பியும் சன்ஸ்கிரீனும் அவசியம். நம் தோலுக்கு என்ன ஆகும் என்று நானும் சொன்னேன், ஜனவரியில் மூக்கு உரிந்தது.

ஒரு தடவையாவது எம்சிஜிக்குப் போய்விடுங்கள். இங்கே அதை 'ஜி' என்றாலே போதும். 1877 மார்ச்சில் உலகின் முதல் டெஸ்ட் நடந்த இடம் அது. ஜோலிமான்ட் அல்லது ரிச்மண்ட் ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம். வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம், கண்ணாடி பாட்டில் கூடாது. பாக்ஸிங் டே டெஸ்ட் என்பது டிசம்பர் 26ல் தொடங்குவது. முதல் நாள் நெரிசலுக்கு அஞ்சி நாலாம் நாளுக்கு டிக்கெட் எடுக்கலாம் என்று தோன்றும். ஆனால் 2021ல் இங்கிலாந்தின் இரண்டாவது இன்னிங்ஸில் ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் ஸ்காட் போலண்ட் 4 ஓவரில் 7 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுக்க, மூன்றாம் நாள் மதிய உணவுக்கு முன்பே ஆட்டம் முடிந்துபோனது. ஆகவே இரண்டாம் நாளுக்கு எடுங்கள். 2024ல் இந்தியா வந்தபோது ஐந்து நாளும் நடந்து, மொத்தம் 3,73,691 பேர் வந்தார்கள். இந்த மைதானத்தில் அதுவரை எந்த டெஸ்டுக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. அப்பா சென்ற வருடம் வந்திருந்தபோது ஜியை வெளியிலிருந்து சுற்றிக் காட்டினேன். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அந்த நோபால் எந்தப் பக்கத்திலிருந்து?" என்று கேட்டார். பெரியவரைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை உங்கள் பகுதி மைதானத்துக்குச் சும்மா போய் நில்லுங்கள். கேட்காமலே யாராவது ஸ்கோர் புத்தகத்தை நீட்டுவார்கள். பென்சில் இரண்டாகக் கொண்டுபோங்கள், பக்கத்து நாற்காலிக்காரர் பேனாவோடு வந்திருப்பார்.