டீச்சருக்கு நன்றி சொல்றப்போ நாம பண்ற சொதப்பல்கள்

செப்டம்பர் 5 காலையில எந்த டீச்சரோட வாட்ஸ்அப்ப திறந்தாலும் ஒரே ரோஜாப்பூ, மெழுகுவர்த்தி, ஏணி படமா வந்து குவிஞ்சிருக்கும், எல்லாம் ஃபார்வர்டு, அதுல பாதி யார் அனுப்பினதுன்னே அவங்களுக்குத் தெரியாது, ஏன்னா வெறும் நம்பர்தான் வரும், டிபில முருகரோ நம்ம குழந்தையோ இருக்கும். நிஜமாவே நம்மள தூக்கிவிட்ட ஒருத்தருக்கு நன்றி சொல்லணும்னா பேரு, எந்த வருஷ பேட்ச், எந்த செக்‌ஷன், இத முதல் வரியிலயே போட்டுடுங்க. வருஷா வருஷம் புதுசு புதுசா பசங்கள பாக்குறவங்ககிட்ட "சார் நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்"னு பரீட்சை வைக்கக் கூடாது.

இதவிட பெரிய தப்பு, பொதுவா பேசுறது. "நீங்க இல்லன்னா நான் இல்ல மேடம்", "நீங்கதான் என் தெய்வம்" இதெல்லாம் யாருக்கு வேணா அனுப்பலாம், அதனாலயே அதுல ஒண்ணும் இல்ல. இப்படி எழுதிப் பாருங்க: "மேடம், ப்ளஸ் ஒன் அரையாண்டு கெமிஸ்ட்ரில 31 வாங்கிட்டு பேப்பர மடிச்சு வச்சிக்கிட்டு நின்னேன், நீங்க அத வாங்கிப் பிரிச்சு, உனக்கு பாடம் தெரியுதுடி, அவசரத்துலதான் கோட்டை விடுறன்னீங்க. இப்போ ஒரு லேப்ல வேலை, இன்னைக்கும் ரிப்போர்ட்ட இன்னொரு தடவ பாக்காம கையெழுத்து போடுறதில்ல." அவ்வளவுதான், நாலு வரி, ஆனா அவங்க என்ன செஞ்சாங்க, அது எங்க வந்து நிக்குதுன்னு ரெண்டுமே அதுல வந்துடுச்சு. உ.வே.சா இதுல கில்லாடி, அவரோட ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876ல காலமானாரு, 50 வருஷத்துக்கு மேல கழிச்சு 1933, 34ல ரெண்டு பாகமா அவரோட வாழ்க்கை வரலாற எழுதினாரு, அதுவும் சும்மா புகழ்ந்து தள்ளல, அவர் செய்யுள் சொல்லச் சொல்ல மாணவங்க ஏட்டுல எழுதினதெல்லாம் பக்கத்துல உக்காந்து பாத்தவரா எழுதி வச்சாரு.

"அன்னைக்கு சார் பிரம்பால வெளுத்ததாலதான் நான் இன்னைக்கு இன்ஜினியர்"னு மேடையில மைக் பிடிச்சு சொல்றவங்க இருக்காங்களே, தயவுசெஞ்சு விட்டுடுங்க. 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே பசங்கள அடிக்கக் கூடாதுன்னு இருக்கு, நீங்க பாராட்டுன்னு நினைச்சு சொல்றது அந்த மனுஷன சங்கடத்துல மாட்டிவிடும். அதுவுமில்லாம அடிச்ச அதே சார் ஸ்கூல் விட்டப்புறம் ஆறு மணி வரைக்கும் உக்காந்து கணக்கு சொல்லிக் குடுத்திருப்பாரு, அத சொல்ல வாய் வரல, பிரம்பு மட்டும் ஞாபகம் இருக்கு!

மத்த டீச்சர்ஸ மட்டம் தட்டி இவங்கள உசத்துறதும் வேண்டாம், அவங்க எல்லாம் ஒரே ஸ்டாஃப் ரூம்ல உக்கார்றவங்க. நன்றி மெசேஜோட கடைசியில "அப்புறம் சார், தம்பிக்கு ஒரு சீட்டு..."ன்னு இழுக்குறது அதவிட மோசம், அந்த நிமிஷமே மேல எழுதின மொத்தமும் கேன்சல்.

கிஃப்ட் விஷயத்துல இப்போ படிச்சிட்டிருக்குற பசங்களோட அப்பா அம்மா கொஞ்சம் கவனமா இருங்க. தமிழ்நாட்டுல அரசு ஸ்கூல் டீச்சர்ஸ் அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973க்குள்ள வர்றவங்க, பரிசு வாங்குறதுக்கு கட்டுப்பாடு இருக்கு, காஸ்ட்லியா வாட்ச், பட்டுப்புடவைன்னு நீட்டினா வாங்கவும் முடியாது, மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்லவும் முடியாம முழிப்பாங்க. அந்தக் காசுக்குப் பதிலா ஹெச்எம்முக்கு ஒரு லெட்டர் எழுதுங்க, காப்பி முதன்மைக் கல்வி அலுவலருக்கு. டீச்சர் மேல புகார்னா எழுத நாலு பேர் ரெடியா வர்றோம், பாராட்டுன்னா ஒருத்தரும் பேப்பர எடுக்குறதில்ல.

ஃபேஸ்புக்ல அவங்க போட்டோ போட்டு உருகுறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, இல்லன்னா இரங்கல் பதிவுன்னு நினைச்சு நாலு பேர் வீட்டுக்கு போன் அடிப்பாங்க, சிரிக்காதீங்க, இதெல்லாம் நடக்குற கதைதான்.

வேலை கிடைக்கட்டும், வீடு கட்டட்டும், அப்புறம் போய் பாக்கலாம்னு தள்ளிப் போடவும் வேண்டாம். டிரான்ஸ்பர் ஆகியிருந்தா பழைய ஸ்கூல் ஆபீஸ்ல கேட்டா எங்க போனாங்கன்னு சொல்லிடுவாங்க. பீரியட் நேரத்துல கூப்பிடாம ஞாயித்துக்கிழமை சாயங்காலமா பண்ணுங்க, ரிட்டயர் ஆகி காது சரியா கேக்காதவங்கன்னா போன விட லெட்டர்தான் சரி, கொஞ்சம் பெரிய எழுத்தா எழுதுங்க.