பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் லினக்ஸை ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்

பல்லடம் பக்கம் தறி வைத்திருக்கிற எங்கள் மாமா போன மாதம் போன் போட்டு, "ஏம் மாப்ள, இந்த லேப்டாப்பு இனி ஆகாதுங்கறாங்க, புதுசு வாங்கோணுமா?" என்றார். விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுபோனது, ப்ராசஸர் பழசு என்பதால் 11 ஏறவில்லை, மற்றபடி மெஷினில் ஒரு குறையும் இல்லை. சும்மா சொல்லக் கூடாது, காற்றோட்டத் துளையில் தலையணை திணிக்கிற அளவுக்குப் பஞ்சு! பெயின்ட் பிரஷ்ஷால் அதைத் தட்டியதிலேயே பாதிச் சூடு இறங்கியது.

இந்த மாதிரி மெஷினுக்குத்தான் லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்கிற இலவச இயங்குதளம். எந்த லினக்ஸ் என்று பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பெயர் வரும், குழம்ப வேண்டாம், மின்ட் எடுங்கள். ராம் 4 ஜிபிதான் என்றால் அதில் எக்ஸ்எஃப்சிஇ என்கிற லேசான பதிப்பு. மின்ட்டின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள், ஏறக்குறைய 3 ஜிபி வரும். 8 ஜிபி பென்டிரைவ் போதும், ஆனால் கோப்பை அப்படியே காப்பி பண்ணினால் மெஷின் அதிலிருந்து பூட் ஆகாது, ரூஃபஸ் மாதிரி ஒரு புரோகிராமை வைத்து எழுத வேண்டும், பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும்.

மெஷினை ஆன் செய்ததும் டெல், லெனோவா என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 தட்டிப் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். மின்ட் திரையில் வந்துவிடும், ஹார்ட் டிஸ்க்கை நீங்கள் சொல்லாமல் அது தொடாது. இங்கேதான் எல்லாரும் அவசரப்பட்டு இன்ஸ்டாலை அமுக்குகிறார்கள். வேண்டாம், ஒரு வாரம் இப்படியே ஓட்டுங்கள் (பென்டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும்). வைஃபை பிடிக்கிறதா, பிரின்டர் வருகிறதா, உங்கள் எக்ஸெல் கணக்கு மின்ட்டோடு வருகிற லிப்ரே ஆபீஸில் ஒழுங்காகத் திறக்கிறதா? மாமாவின் கூலிக் கணக்கில் கட்டங்களின் அகலம்தான் மாறியது, கூட்டுத்தொகை அப்படியே இருந்தது. யூனிகோட் வருவதற்கு முந்தைய ஃபான்ட்டில் அடித்த தமிழ்க் கடிதங்கள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், அந்த ஃபான்ட் கோப்பை இதிலும் சேர்த்தால் சரியாகிவிடும். கணக்கு எழுதுகிற டேலி பிரைம் விண்டோஸுக்கென்று எழுதியது, உங்கள் பிழைப்பே அதில்தான் என்றால் விண்டோஸைக் கழற்றாதீர்கள், இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பிடித்துப்போனால் போட்டுவிடலாம். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள், பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் அதன் ரெகவரி சாவியை எழுதி வையுங்கள், சார்ஜரைச் செருகுங்கள். 'இன்ஸ்டால் அலாங்சைடு' என்றால் விண்டோஸும் இருக்கும், 'இரேஸ் டிஸ்க்' என்றால் டிஸ்க்கில் ஒன்றும் மிஞ்சாது. நான் ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் இரண்டாவதை அமுக்கி, அக்கா மகனின் காதுகுத்துப் படங்கள் மொத்தமும் போய், இன்றைக்கும் வீட்டில் பேச்சு வாங்குகிறேன்.

போட்டு முடித்ததும் அப்டேட் மேனேஜர், அப்புறம் டைம்ஷிஃப்ட்டில் ஒரு ஸ்னாப்ஷாட், பின்னால் ஏதாவது கெட்டுப்போனால் சிஸ்டத்தை இன்றைய நிலைக்குத் திருப்ப அது உதவும். டெர்மினலில் (கட்டளைகளை டைப் செய்கிற ஜன்னல்) எவரோ கொடுத்த கட்டளையைப் புரியாமல் ஒட்டாதீர்கள்.

மாமா இப்போது அதில்தான் கணக்குப் போடுகிறார். ஸ்கேனர் மட்டும் இன்னும் பிடிபடவில்லை, இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.